அறிந்ததும் அறியாததும்: ஏலமலை தரும் வியப்புகள்

வியப்பூட்டும் செய்திகள் யாவும் கடல் கடந்த நாடுகளிலும், பெரிய ஆய்வுக்கூடங்களிலும் மட்டுமே பிறக்கின்றன என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குள்ளும், நாள்தோறும் ஏறி இறங்கும் மலைப்பாதையிலும் வியப்புக்கு என்ன இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. பழகிய பொருள் கண்ணுக்குத் தெரிவதில்லை அன்றோ!

ஆகவே இத்திங்கள் நாம் தொலைதூரம் போகப் போவதில்லை. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரில் தொடங்கி, ஏலமலைச் சரிவுகளின் வழியே மெல்ல ஏறிச் செல்வோம். வழியில் மொழி, சமையல், இரயில், இசை, அறிவியல் என்று பலவும் எதிர்ப்படும். அவற்றுள் பெரும்பாலானவை கண்ணுக்குப் புலப்படாத சிறியவை. ஆயினும் பெரியவற்றைத் தாங்கி நிற்பவை அவையே என்பதைப் போகப் போகக் காண்போம்.

ஏலம் ஏலத்திற்கு வந்த கதை

போடியில் ஏலக்காய் ஏலம் விடப்படுகிறது. இவ்வாக்கியத்தில் 'ஏலம்' என்னும் சொல் இருமுறை வருகிறது. இரண்டும் ஒன்றா? ஒலியில் ஒன்று, பிறப்பில் வேறு.

மணப்பொருளைக் குறிக்கும் 'ஏலம்' நம் நாட்டின் மிகப் பழைய சொல். விலை கூறி விற்பதைக் குறிக்கும் 'ஏலம்' போர்ச்சுக்கீசியர் தந்தது. அவர்கள் மொழியில் 'லெய்லாவ்' என்ற சொல்லே நம் நாவில் உருண்டு 'ஏலம்' ஆயிற்று. சாவி, சன்னல், அலமாரி, மேசை ஆகியனவும் அவ்வாறே கப்பலில் வந்து நம் வீட்டில் குடியேறிய சொற்கள்தாம். 'பாதிரியார்' என்று நாம் அழைக்கும் அழைப்பிலும் போர்ச்சுக்கீசியச் சொல் ஒன்று ஒளிந்திருக்கிறது.

அவர்கள் சொல் நம்மிடம் வந்தது போலவே நம் சொல்லும் உலகுக்குச் சென்றது. ஏலச்செடியின் அறிவியற் பெயரில் முதற்பகுதி 'எலெட்டாரியா' என்பது. பதினேழாம் நூற்றாண்டில் மலையாளக் கரையின் மூலிகைகளைத் தொகுத்த டச்சு நூலாகிய 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' இச்செடியை மக்கள் வழங்கிய 'ஏலத்தரி' என்னும் பெயராலேயே குறித்தது. அதுவே பின்னர் இலத்தீன் பெயராக நிலைபெற்றது. உலகின் எந்த மூலையில் ஒரு தாவர அறிஞர் ஏலத்தைப் பற்றி எழுதினாலும், நம் மலைமக்களின் சொல்லைக் கடன் வாங்கியே எழுத வேண்டும்.

குங்குமப்பூ, வனிலா ஆகியவற்றிற்கு அடுத்தபடியாக விலை மிகுந்த மணப்பொருள் ஏலம் என்பர். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில், எல்லைக்கு அப்பால் கேரளத்தின் புற்றடி ஏலமையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை சென்றது. ஏலம் மிகுதியாக விளையும் நாடு எது என்று கேட்டால் நாம் தயங்காமல் இந்தியா என்போம். உண்மையில் அது நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானியத் தோட்டக்காரர் ஒருவர் அங்கே இதைக் கொண்டு சென்றார். அந்நாட்டு மக்கள் தம் சமையலில் ஏலத்தை அதிகம் சேர்ப்பதில்லை. விளைவதில் பெரும்பகுதி அரபு நாட்டாரின் காப்பிக் கோப்பையைச் சென்றடைகிறது.

மணம் இருப்பது எங்கே?

ஏலக்காயின் பச்சைத் தோலைப் பார்த்து விலை மதிக்கிறோம். சல்லடையில் சலித்து, எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருங்காய்க்கு உயர்ந்த விலை தருகிறோம். போடியில் எத்தனையோ பெண்களின் அன்றாடக் கூலி, காயைத் தரம் பிரிக்கும் அவர்களுடைய விரல்களின் விரைவைப் பொறுத்ததே. ஆனால் மணத்தின் பெரும்பகுதி தோலில் இல்லை. உள்ளே இருக்கும் சிறு கருநிற விதைகளில் இருக்கிறது. தோல் ஒரு மூடிபோட்ட செப்பு. உள்ளிருக்கும் எண்ணெய் காற்றில் பறந்து போகாமல் காப்பதே அதன் வேலை. ஆகவே ஏலப்பொடியை மொத்தமாக இடித்து வைத்துக்கொள்வதைவிட, வேண்டும்போது காயை உடைத்து இடிப்பதே சிக்கனம். நம் பாட்டிமார் அம்மிக்கருகே ஏலக்காயை முழுதாகவே வைத்திருந்ததன் காரணம் இதுதான்.

ஏலத்தை மென்றால் நாவில் ஒரு குளிர்ச்சி தோன்றுகிறதே, அது ஏன்? ஏல எண்ணெயில் 'சினியோல்' என்னும் பொருள் மிகுதியாக உண்டு. யூக்கலிப்டஸ் தைலத்திற்கு மணம் தருவதும் இதே பொருள்தான். நம் தோலிலும் நாவிலும் குளிரை உணரும் நரம்பு முனைகளை இது தூண்டிவிடுகிறது. உண்மையில் நாக்கு குளிர்வதில்லை. குளிர்ந்ததாக மூளைக்குச் செய்தி போகிறது, அவ்வளவே!

இன்னொரு செய்தி. நாம் 'சுவை' என்று சொல்வதில் பெரும்பங்கு மணமே. நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு முதலிய சிலவற்றைத்தான். ஏலப் பாயசத்திற்கும் வெறும் சர்க்கரைப் பாலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது மூக்கு. சளி பிடித்தவருக்குக் கிறிஸ்துமஸ் விருந்தும் சப்பென்று இருப்பது இதனாலேயே.

பதினேழு வளைவுகளும் இரு காதுகளும்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பாதி வழியிலேயே காது அடைத்துக்கொள்வதையும், கொட்டாவி விட்டால் 'பட்'டென்று திறப்பதையும் யாவரும் அறிவோம். காரணம் காற்றின் எடை. நம் தலைக்கு மேலே வானளாவ நிற்கும் காற்று நம்மை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. மேலே ஏற ஏற, நமக்கு மேலிருக்கும் காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. நாலாயிரம் அடிக்கு மேலுள்ள போடிமெட்டில் அவ்வழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. ஆனால் செவிப்பறைக்கு உட்புறம் அடைபட்ட காற்று, அடிவாரத்தில் இருந்த அழுத்தத்திலேயே நின்று பறையை வெளியே தள்ளுகிறது. தொண்டையிலிருந்து காதுக்குச் செல்லும் ஒரு மெல்லிய குழல், நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறந்து, உள்ளும் புறமும் அழுத்தத்தைச் சமன் செய்கிறது.

பேருந்தில் குழந்தை அழுதால் பால் புகட்டும் தாய், அறிவியல் நூல் எதையும் படிக்காமலே அறிவியல்படி நடக்கிறாள். விழுங்கும்போது குழந்தையின் காது திறக்கிறது. போடிக் கடையில் வாங்கிய பிஸ்கட் பொட்டலம் மெட்டில் உப்பலாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

கொதிக்கும் நீரிலும் சூடு குறையும் இடம்

போடி வட்டத்தில் கொழுக்குமலை என்னும் தேயிலைத் தோட்டம் ஏழாயிரம் அடிக்கு மேல் அமைந்துள்ளது. இது தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ஆனால் வண்டியில் அங்குச் செல்ல விரும்புவோர் போடிமெட்டைக் கடந்து கேரளத்தினுள் நுழைந்து, சூரியநெல்லி வழியாக ஜீப்பில் ஏறி, மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் வர வேண்டும். சொந்த வீட்டு மாடிக்கு அண்டை வீட்டுப் படிக்கட்டில் ஏறுவது போன்றது இது!

தண்ணீர் நூறு பாகை செல்சியசில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்தோம். அது கடல் மட்டத்திற்கு மட்டுமே பொருந்தும் விதி. ஏறக்குறைய முந்நூறு மீட்டர் உயரத்திற்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை குறைந்துகொண்டே வரும். கொழுக்குமலையில் நீர் சுமார் 93 பாகையிலேயே கொதித்துவிடும். 'தளதள'வென்று கொதித்தாலும் அந்நீரில் சூடு குறைவு. அடுப்பில் எவ்வளவு விறகை அடுக்கினாலும், திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடேறாது. ஆகவே அரிசியும் பருப்பும் வேக அதிக நேரம் ஆகும். 'மலைத் தண்ணீரில் பருப்பு வேகாது' என்று தண்ணீரைக் குறை கூறுவோர் உண்டு. குற்றம் தண்ணீரின் மேல் மட்டுமன்று, காற்றின் மேலும்தான். அழுத்தக் கொதிகலனாகிய குக்கர் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. நீராவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டி, கொதிநிலையை 120 பாகை வரை உயர்த்திவிடுகிறது. மலைவீட்டுக்குக் குக்கர் ஆடம்பரப் பொருளன்று. விறகைச் சேமிக்கும் கருவி.

மலைமேல் இரயில், மலையடியில் மாட்டுவண்டி

சமவெளிக்கு முதலில் இரயில் வரும், மலைக்குப் பிறகே வரும் என்றுதான் எவரும் நினைப்பர். போடியில் இது தலைகீழாக நடந்தது.

மூணாற்றிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுவர, 1902ஆம் ஆண்டளவில் குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. வண்டியின் சிறு சக்கரம் தண்டவாளத்தின் மேலும், பெரிய சக்கரம் ஒன்று சாலையின் மேலும் உருண்டு வண்டியைச் சாயாமல் காக்கும். இழுத்தவை எருதுகள்! 1908இல் இதற்குப் பதிலாக இரண்டடி அகலமுள்ள சிறு இரயில் பாதை வந்தது. அது மலைமுகட்டில் வந்து நின்ற இடமே 'டாப் ஸ்டேஷன்'. அங்கிருந்து பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி ஐந்து கிலோமீட்டர் தூரம் கீழிறங்கிக் கொட்டகுடியை அடைந்தன. பின்னர் பதினைந்து கிலோமீட்டர் மாட்டுவண்டிப் பயணம், அதன்பின் போடி. அன்று மூணாற்றுத் தேயிலை சீமைக்குச் சென்ற வழி போடியின் தெரு வழியாகவே சென்றது.

1924ஆம் ஆண்டு பெருவெள்ளம் அந்த மலை இரயிலை அடித்துச் சென்றது. கொல்லம் ஆண்டு 1099 ஆனதால் கேரளத்தார் இன்றும் அதைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்பர். மலைமேல் இரயில் அழிந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1928இல்தான் மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இத்தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களில் மீண்டும் போடப்பட்டன. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் மறுபடியும் வண்டி நின்றது. 2023 ஜூன் 15 முதல் மீண்டும் போடிக்கு இரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பள்ளிப்படிப்பைத் தொடங்கி முடித்த பிள்ளைகள், தம் ஊர் நிலையத்தில் ஒரு வண்டி வந்து நின்றதைக் காணாமலே வளர்ந்தனர்.

பன்னிரண்டு ஆண்டு என்றதும் இம்மலையின் குறிஞ்சி நினைவுக்கு வருகிறது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவெங்கும் ஒன்றாகப் பூத்து, விதையிட்டு, மடிந்துவிடும். 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்த முறை 2030. நாட்காட்டி இல்லாத அச்செடிக்குள் ஆண்டுகளை எண்ணும் கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு நாள் மலரும் ஒரு சிறு தேனீயும்

இப்போது ஏலத்தோட்டத்தினுள் நுழைவோம். இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, ஆள் உயரத்திற்கு மேல் வளர்ந்து நின்றாலும், பூப்பது காலடியில். தூரிலிருந்து புறப்படும் சரங்கள் தரையோடு தரையாகப் படரும். அவற்றில் வெண்ணிறப் பூக்கள் தோன்றும். ஒவ்வொரு பூவின் இதழிலும் ஊதாநிறக் கோடுகள் உண்டு. அக்கோடுகள் அழகுக்காக மட்டும் தீட்டப்பட்டவை அல்ல. 'தேன் இங்கே' என்று தேனீக்கு வழிகாட்டும் கைகாட்டி மரங்கள் அவை.

ஏலப்பூ விடியற்காலையில் விரிகிறது. ஒரே நாளில் வாடிவிடுகிறது. மகரந்தப் பையைக் காட்டிலும் சூல்முடி சற்று உயரத்தில் இருப்பதால், மகரந்தம் தானாக அங்குப் போய்ச் சேர இயலாது. யாரேனும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த 'யாரேனும்' பெரும்பாலும் தேனீயே. அன்று காலை தேனீ வராவிட்டால் அந்தப் பூ காயாவதில்லை. மறுநாள் என்ற பேச்சே அங்கில்லை. காயினுள் எத்தனை விதைகள் திரள வேண்டுமோ, அத்தனை மகரந்தத் துகள்கள் வந்து சேர வேண்டும். எட்டு மில்லிமீட்டர்ப் பருங்காய் என்று நாம் சல்லடையில் பிரித்தெடுப்பது, ஒரு காலை வேளையில் தேனீ குறைவின்றிச் செய்த வேலையின் அடையாளமே.

அத்தேனீயின் ஆற்றலைக் கேளுங்கள். அது வினாடிக்கு ஏறத்தாழ 230 முறை சிறகடிக்கிறது. நாம் கேட்கும் ரீங்காரம் அச்சிறகடிப்பின் ஒலியே. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைச் சுருதியை அழுத்தினால் எழும் ஒலிக்குச் சற்றே கீழே அது நிற்கும். பூ நிறைந்த இடத்தைக் கண்டுவந்த தேனீ, இருண்ட கூட்டினுள் அடையின்மேல் ஒரு நடனம் ஆடுகிறது. நடனக் கோடு செங்குத்துக்கு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறதோ, சூரியனிலிருந்து அத்தனை பாகை விலகிப் பறக்க வேண்டும் என்பது பொருள். நடனம் எவ்வளவு நீள்கிறதோ, அவ்வளவு தொலைவு. இம்மொழியைப் படித்தறிந்த ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கார்ல் வான் பிரிஷ் 1973இல் நோபெல் பரிசு பெற்றார். இத்தனை திறமை வாய்ந்த வேலைக்காரத் தேனீ ஒன்று, தன் வாழ்நாள் முழுதும் உழைத்துச் சேர்க்கும் தேன், ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்குதான்.

எல்லைக்கு அப்பால் கட்டப்பனைப் பகுதியைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்னும் உழவரும் அவர் மகன் ரெஜியும் இந்த உண்மையைக் கையிலெடுத்தனர். நன்கு காய்த்த செடிகளைத் தேர்ந்து, தோட்டத்தில் தேனீப்பெட்டிகளை வைத்து, பல ஆண்டுகள் பொறுமையுடன் கவனித்தனர். அவர்களுடைய முயற்சியில் உருவான 'ஞள்ளானி' என்னும் ஏலவகை, பழைய வகைகளைவிடப் பல மடங்கு விளைச்சல் தந்து, ஏலமலையின் பெரும்பகுதியில் பரவிவிட்டது. ஓர் எளிய குடும்பமும் சில தேனீப்பெட்டிகளும் ஒரு மலையின் வேளாண்மையையே மாற்றின.

ஆனால் இங்கே கவலை தரும் செய்தி ஒன்றையும் சொல்லாமல் விட இயலாது. ஏலத்தை இலைப்பேனும் தண்டுத்துளைப்பானும் தாக்குகின்றன. அவற்றுக்கு அஞ்சி மருந்து அடிக்கிறோம். நம் நாட்டில் மருந்து மிகுதியாக அடிக்கப்படும் பயிர்களுள் ஏலமும் ஒன்று. மருந்துக்குப் பகையையும் உறவையும் பிரித்தறியத் தெரியாது. பூ விரிந்து தேனீ வந்திருக்கும் காலை வேளையில் தெளித்தால், பூச்சியோடு தேனீயும் மடியும். அந்த மருந்து முதுகில் கலத்தைச் சுமந்து தெளிப்பவரின் மூச்சிலும் கலக்கும். விடியுமுன்னே தூக்குவாளியோடு போடியிலிருந்து ஜீப்பில் ஏறி மலைக்குச் செல்லும் ஆயிரக்கணக்கானோரின் அன்றாட உணவு, அவர்களுக்குச் சற்று முன்பே வேலைக்குப் புறப்பட்டுவிடும் அத்தேனீயைச் சார்ந்தது. பூப்பு மிகுந்த நாட்களில் தெளிப்பதைத் தவிர்க்கவும், தவிர்க்க இயலாதபோது தேனீக்கள் கூடு திரும்பிய பிற்பகலில் தெளிக்கவும் வேளாண் அறிஞர்கள் கூறுகின்றனர். இதற்குச் செலவு ஏதுமில்லை. நேரத்தைச் சற்று மாற்றிக்கொண்டால் போதும். தோட்டம் வைத்திருப்போரும், தெளிக்கச் செல்வோரும், அவர்தம் இல்லத்தாரும் இதை மனத்தில் கொள்வது நன்று.

ஒரு தொண்டையில் இரு குரல்

தோட்டத்தை ஒட்டிய ஓடைக்கரையில் விடியற்காலையில் யாரோ ஒரு சிறுவன் சீட்டியடிப்பது போலக் கேட்கும். திரும்பிப் பார்த்தால் ஆளிருக்காது. அது சீகாரப் பூங்குருவி. கருநீல உடலும், நெற்றியிலும் தோளிலும் பளபளக்கும் நீலமும் கொண்ட இப்பறவைக்கு, 'சீட்டியடிக்கும் பள்ளிச் சிறுவன்' என்று ஆங்கிலேயர் செல்லப்பெயர் இட்டனர்.

நமக்குக் குரல்வளை மூச்சுக்குழலின் உச்சியில் உள்ளது. பறவைகளுக்கு அது மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் அடிப்பகுதியில் அமைந்திருக்கிறது. இரண்டு கிளைக்கும் தனித்தனியே அசையும் சவ்வுகள் உண்டு. ஆதலால் பாடும் பறவைகள் பல, ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு சுரங்களை எழுப்ப வல்லவை. நம் கோவில் பாடற்குழுவில் இரு குரல் வேண்டுமானால் இருவர் நிற்க வேண்டும். குருவிக்கு ஒரு தொண்டையே போதும்.

ஏலத்துக்கு நிழல் தரும் பலாமரத்திலும் இசை உறங்குகிறது. வீணையின் குடமும், மிருதங்கத்தின் கட்டையும், தவிலின் உடலும் பலாமரத்தில் கடைந்தெடுக்கப்படுபவை. இதே மலைத்தொடரின் அடிவாரத்தில், போடிக்குத் தெற்கேயுள்ள பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் 1943இல் பிறந்தவர் இசையமைப்பாளர் இளையராஜா. 1976இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கிய அவர், 1993இல் இலண்டன் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்காகச் சிம்பொனி எழுதினார். 2025 மார்ச் 8 அன்று, தம் எண்பத்திரண்டாம் வயதில், 'வேலியன்ட்' என்னும் சிம்பொனியை இலண்டனில் அரங்கேற்றினார்.

பாறையையும் கடந்து செல்லும் விருந்தாளி

இறுதியாக, மலையின் மேற்பரப்பை விட்டு அதன் உள்ளே நோக்குவோம்.

இப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாக ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் ஊடுருவிச் செல்கின்றன. சூரியனின் நடுவே அணுக்கள் இணையும்போது பிறக்கும் மிக நுண்ணிய துகள்கள் அவை. சூரியனின் நடுவில் தோன்றும் ஒளி மோதி மோதித் திரிந்து மேற்பரப்பை அடையப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். நியூட்ரினோ இரண்டே வினாடியில் வெளியேறி, எட்டு நிமிடத்தில் நம்மை வந்தடைகிறது. அவற்றுக்கு இரவு பகல் இல்லை. இரவில் சூரியன் பூமிக்கு அப்புறம் இருக்கும்போது, பூமி முழுவதையும் ஊடுருவி, நாம் படுத்திருக்கும் பாயின் அடியிலிருந்து மேலே செல்கின்றன! நமக்கு ஒரு தீங்கும் இல்லை. நம் உடலிலுள்ள பொட்டாசியமும்கூட வினாடிக்குச் சில ஆயிரம் இத்தகைய துகள்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது.

எதனோடும் ஒட்டாத இத்துகளைப் பிடிப்பது எப்படி? திருவிழாக் கூட்டத்தில் மெல்லிய குரல் ஒன்றைக் கேட்க வேண்டுமானால் கதவடைத்த அறைக்குள் செல்வோம் அல்லவா? விண்ணிலிருந்து பொழியும் மற்றத் துகள்களின் ஆரவாரத்தை அடைக்கும் கதவு, பாறை. கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965ஆம் ஆண்டிலேயே, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தை இந்திய அறிவியலார் கண்டனர். பின்னர் அத்தகைய ஆய்வகம் ஒன்றைப் போடி மேற்குமலையில், பொட்டிபுரம் அருகே குடைய எண்ணினர். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்ச் சுரங்கப்பாதை, ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறைக்கூரை, 50,000 டன் காந்த இரும்பு என்பது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. 2018இல் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. ஆனால் மலையின் நீரூற்றும் காடும் வனவிலங்குகளின் வழித்தடமும் என்னாகும் என்று மக்கள் கேட்டனர். 2022இல் தமிழ்நாடு அரசு இதை அனுமதிக்க இயலாது என்று உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. நியூட்ரினோ தீங்கற்றது என்பதும் உண்மை. குடையப்படும் மலை மீண்டும் பழையபடி ஆகாது என்பதும் உண்மை. இரண்டையும் ஒருங்கே அறிந்து பேசுவதே அறிவுடைமை.

இல்லத்தில் செய்து பார்க்க

ஒன்று: மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஓர் ஏலக்காயை மெல்லுங்கள். பின்பு விரலை எடுங்கள். மணம் 'குப்'பென்று எழுவதைக் காண்பீர்கள்.

இரண்டு: போடிமெட்டில் வெற்றுப் பிளாஸ்டிக் புட்டி ஒன்றை இறுக மூடிக் கீழே கொண்டுவாருங்கள். போடி வருமுன்னே அது நெளிந்து ஒடுங்கியிருக்கும். நசுக்கிய கை காற்றுடையது.

மூன்று: மின்னலைக் கண்டதும், வீட்டுக்குள் இருந்தபடியே, இடி கேட்கும்வரை வினாடிகளை எண்ணுங்கள். அதை மூன்றால் வகுத்தால் மின்னல் வெட்டிய தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும்.

காற்றின் எடையும், விதைக்குள் ஒளிந்த எண்ணெயும், குறிஞ்சியின் கடிகாரமும், பாறையைக் கடக்கும் துகளும் கண்ணுக்குத் தெரியாதவை. தேனீயைக் காண இயலும். ஆயினும் அதன் உழைப்பை எவரும் விலைப்பட்டியலில் சேர்ப்பதில்லை. சிறியவற்றின் அருமையை அறிவதற்கு முதற்படி 'இது ஏன் இப்படி?' என்று கேட்பது. அக்கேள்வி நம் வீடுகளில் பெரும்பாலும் குழந்தைகளின் வாயிலிருந்தே வருகிறது. விடை தெரியாவிட்டாலும் வேண்டாவென்று தடுக்காமல், 'வா, சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்லும் பெற்றோர் இருந்தால், நாளை ஒரு ஞள்ளானியோ, ஒரு சிம்பொனியோ நம் தெருவிலிருந்தும் புறப்படலாம்.

அடுத்த திங்கள் வேறு சில வியப்புகளோடு சந்திப்போம்.